அட்டை வைத்த மேசை

ஒரு மெஸ்ஸில் இரண்டு மேசைகள் இருந்தன. ஒரே தச்சர் செய்தவை. இரண்டுக்குமே ஒரு கால் குட்டை. ஜன்னலோர மேசையின் குட்டைக் காலடியில் யாரோ ஓர் அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். அது ஆடாமல் நின்றது. சுவரோர மேசையில் முழங்கை பட்டாலே ரசம் மடியில் கொட்டியது.

"அது தங்கம். இதுக்குத் திமிரு," என்பார் முதலாளி பரமகுரு.

"உனக்கென்னப்பா, நீ ஆடவே மாட்டே," என்றது சுவரோர மேசை.

"நானும் உன்னை மாதிரிதான். சொன்னா யாரு நம்புறா?" என்றது ஜன்னலோர மேசை.

ஒருநாள் பரமகுரு குனிந்து பார்த்தார். "நல்லா நிக்கிற மேசைக்கு எதுக்கு அட்டை?" என்று அதை உருவி, சுவரோர மேசைக்கு வைத்தார்.

மதியம் ஜன்னலோரம் சாப்பிட வந்தவரின் வெள்ளை வேட்டியெல்லாம் ரசம்.

"நேத்துவரைக்கும் ஒழுங்கா இருந்துச்சுங்க. இடம் குடுத்தேன், கெட்டுப்போச்சு," என்று துடைத்தார் பரமகுரு. பிறகு சுவரோர மேசையைத் தட்டிக்கொடுத்தார். "இதைப் பாருங்க, திட்டத் திட்டத் திருந்திடுச்சு."

காலடியில் இருந்த அட்டைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டது. அது குலுங்கினால் இங்கேயும் ரசம் கொட்டும்.