மாயக்காள் முகம்

எல்லாப் படத்திலும் ஒரே ஒருத்தியின் முகம் மட்டும் சுரண்டப்பட்டிருந்தது.

ஆனையூரில் கட்டிய புது வீட்டில் குடும்பப் படங்களைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று சரண்யாதேவிக்கு ஆசை. அப்பாவின் தகரப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து, ஒவ்வொரு படமாக செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

காதுகுத்து, கல்யாணம், குலசாமி கோயில் கிடாவெட்டு. எல்லாவற்றிலும் அந்த ஒருத்தி ஓரமாக நின்றாள். யார் மேலும் சாயாத நிமிர்ந்த உடம்பு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கீறல்கள்.

பின்பக்கம் பெயர் இருந்தது. மாயக்காள். தாத்தாவின் அக்கா.

மாயக்காள் தாத்தாவுக்குப் போட்ட தபால் கார்டுகளும் பெட்டியில் கிடந்தன. 'சாப்பிடாமல் வேலைக்குப் போவதாகக் கேள்வி. நான் கிளம்பி வந்தால் நன்றாக இருக்காது.' இன்னொன்றில், 'பெட்டைக்கோழி கொடுத்து விடுகிறேன். முட்டை விடுகிற கோழி, அறுத்துத் தின்றுவிடாதே.'

படிக்கப் படிக்க சரண்யாவுக்கு அவளைப் பிடித்துப் போனது. இவளை எந்தப் பாவி ஒதுக்கி வைத்தான் என்று கோபமும் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அப்பாவிடம் கேட்டாள்.

"யாரும் ஒதுக்கல தாயி. அத்தையே சொரண்டுனதுதான்" என்றார் ராஜபாண்டி. "படம் வந்ததும் வாங்கிப் பாக்கும். கொண்டை ஊசிய எடுத்துக் கீறிட்டு, இது நான் இல்லன்னு திருப்பிக் குடுத்துரும். அம்புட்டுதான்."

தன் முகமே பிடிக்காமல் ஒருத்தி வாழ்ந்திருக்கிறாளே என்று சரண்யாவுக்குப் பாவமாக இருந்தது.

பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கவர் அப்போதுதான் கண்ணில் பட்டது. செல்லூரில் ஏதோ ஒரு ஸ்டுடியோவின் கவர். இன்னும் பிரிக்கவே இல்லை.

"கடைசியா எடுத்தது. நான்தான் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சேன். படம் கைக்கு வர்றதுக்குள்ள அத்தை தவறிருச்சு. பிரிக்க மனசு வரல."

சரண்யா ஓரத்தைக் கிழித்து எடுத்தாள். கீறல் ஏதும் இல்லை. நேராகப் பார்க்கும் கண்கள். உதட்டுக்குக் கீழே நாடியில் சாய்வாக ஒரு பழைய தழும்பு. ஒருவழியாக முகம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அப்பாவிடம் நீட்டினாள்.

ராஜபாண்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தைத் தரையில் குப்புற வைத்தார்.

"சேலை அத்தையோடதுதான். மூஞ்சி அத்தை இல்ல."

"பிறகு யாருப்பா?"

"அத்தைக்குத் தழும்பே கெடையாது. உங்க தாத்தா சின்னப்பிள்ளையில எறிஞ்ச கல்லு நாடியில பட்டது தங்கப்பொண்ணுக்கு. அத்தையோட தங்கச்சி."

சரண்யா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

"கெணத்துல விழுந்து செத்துப் போச்சு. ஏழு வயசுல."

சரண்யா படத்தைத் திருப்பினாள்.

அதில் இருந்தவளுக்குக் கன்னம் சுருங்கி, தலை முழுக்க நரைத்திருந்தது.