தொட்டிக்குள் ஒரு சேலம்

ஜீப்பை விட்டு இறங்கிய அங்கப்பன் பெற்ற தாயைப் பார்க்கவில்லை. நேராகப் போய் மீன் தொட்டியைப் பார்த்தான்.

சக்கர் மீன் உயிரோடுதான் இருந்தது. கன்னங்கரேலென்று, கண்ணாடியில் வாயை அப்பிக்கொண்டு, கூப்பிடாமல் வந்து உட்கார்ந்துவிட்ட சம்பந்தியைப் போல அசையாமல் இருந்தது.

"பாத்துக்கிட்டியா?" என்றார் அவனுடைய அப்பா ஐயாக்கண்ணு. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெயித்தவன் நிறையப் பேசக் கூடாது என்பது அவர் கட்சி.

அங்கப்பன் சேலத்தில் கலர் மீன் கடை வைத்திருக்கிறான். ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டையில் இருக்கும் அப்பா வீட்டுக்குத் தொட்டியும் தங்கமீன்களும் கொண்டுவந்து வைத்தவன் அவன்தான். கண்ணாடியில் பாசி பிடிக்கிறது என்று கிழவர் ஐப்பசியில் கடைக்கு வந்து பாசி தின்கிற சக்கர் மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது கையைப் பிடித்துத் தடுத்தான். தங்கமீன் குளிருக்குப் பிறந்தது, சக்கர் வெயிலுக்குப் பிறந்தது, இரண்டும் ஒரே தொட்டியில் சேராது, மலைக் குளிரில் சக்கர் மார்கழி தாண்டாது என்றான்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னான். அம்மாவுக்கும் அந்தக் குளிர் சேரவில்லை. மூச்சு இழுக்கிறது, டாக்டரே சொல்லிவிட்டார். இனிமேல் அம்மா சேலத்தில் தன் வீட்டில்தான்.

"உன் சக்கர் மார்கழி தாண்டிட்டா?" என்று கேட்டார் ஐயாக்கண்ணு.

"தாண்டட்டுமுங்க. அப்பறம் அம்மாவப் பத்தி நான் வாயே தெறக்கல."

தை பிறந்து, பொங்கலும் கழிந்து, இதோ ஜீப் வந்து நிற்கிறது.

அங்கப்பன் தோற்றதை லேசில் ஒப்புக்கொள்கிறவன் இல்லை. அப்பனுக்குப் பிறந்தவன்தானே.

"என்ன பண்ணுனீங்க? ஹீட்டர் போட்டீங்களா?"

"இந்த ஊட்டுல லைட்டே அழுதுக்கிட்டு எரியுது. ஹீட்டராம்."

பிறகு ஐயாக்கண்ணு முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல் விளக்கினார். தொட்டியின் ஒரு முனை அடுப்பு மூலையில் இருக்கிறது. பகல் முழுக்கக் காபிச்செடி விறகு அங்கே கனன்றுகொண்டிருக்கும். மறுமுனை சன்னலடியில், பனி யாரையும் கேட்காமல் உள்ளே வரும். ஆக, அந்த முனை சேலம், இந்த முனை ஏற்காடு. நடுவில் கூழாங்கல்லை வளைத்து வளைத்து இருபது கொண்டை ஊசி வளைவும் அவரே போட்டுவிட்டார். சக்கருக்குச் சேலத்தில் குடித்தனம், தங்கமீன்களுக்கு ஏற்காட்டில். சௌசௌத் துண்டு போட்டால் மட்டும் சக்கர் மலையேறும். முதல் தடவை ஏறியபோது பாதி வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டது, பாவம். ஒருநாள் வழி தவறிச் சேலத்துக்கு இறங்கிய தங்கமீனுக்கு வியர்த்துக் கொட்டியது. அதை அவர் தம் கண்ணாலேயே பார்த்தார்.

அங்கப்பன் ஒரு தங்கமீனின் விலாவைக் காட்டினான். அங்கே கொஞ்சம் செதிலைக் காணோம்.

"இதப் பாருங்க. சக்கர் ஒட்டி உறிஞ்சிருக்குது. இதுக்குத்தான் சேத்து வெக்கக் கூடாதுங்கறது."

"எனக்குந்தான் அங்கங்க இருக்குது. நாப்பது வருசம் ஒருத்தியோட இருந்தா இருக்காதா? சட்டையக் கழட்டட்டுமா?"

அடுப்படியில் காபிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த மருதாயி இருமினாள். சேலத்தில் பிறந்து இந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இருமலா, சிரிப்பா என்று மகனுக்குப் புரியவில்லை.

அங்கப்பன் சட்டைக் கையைச் சுருட்டினான். அடுப்போர முனையில் முழங்கை வரைக்கும் விட்டான். எடுத்துச் சன்னலோர முனையில் விட்டான். மறுபடியும் அங்கே விட்டான்.

"அப்பா, தண்ணி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துதானுங்க கெடக்கும். ரெண்டு பக்கமும் ஒரே குளிரு. சேலமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

ஐயாக்கண்ணு பதறிப்போய் மகனின் வாயைப் பொத்தினார்.

"மெதுவாப் பேசு கண்ணு. அதுக்குத் தெரியாது."

அங்கப்பனுக்கு ஒரு கணம் சிரிப்பு முட்டியது. விழுங்கிக்கொண்டான். சிரித்தால் வெறும் ஜீப்போடு திரும்ப வேண்டியதுதான்.

"மீன் வேற, அம்மா வேறங்க. பந்தயமாவது ஒண்ணாவது. அம்மா, கெளம்புங்க."

ஐயாக்கண்ணு வாசற்படியில் போய் நின்றுகொண்டார். மறித்ததாகச் சொல்ல முடியாது. காற்று வாங்குகிறவர் போலத்தான் நின்றார். ஆனால் இரண்டு காலையும் நன்றாக அகட்டி வைத்திருந்தார்.

மருதாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கட்டிக்கிட்டு வந்த மார்கழியில குளிரு தாங்காம அழுதேன் சாமி. இந்த அடுப்பு மூலைதான் சேலம், நீ உன் பொறந்த ஊட்டுலதான் உக்காந்திருக்கறேன்னு இந்த மனுசன் எங்கிட்டயும் சத்தியம் பண்ணுனாரு."

ஐயாக்கண்ணுவின் முகம் என்னவோ போல் ஆனது. அவள் அதை இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"நீங்க அந்தப் பக்கம் போனதும் தரையத் தொட்டுப் பாத்தேனுங்க," என்றாள் அவரிடம். "ஐஸாட்டம் இருந்துச்சு."

பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சேதான் இருக்கறேன். நீ போயி ஜீப்பத் திருப்பு சாமி, பனி எறங்கறதுக்குள்ள."