எரிய விட்ட விளக்கு

"நான் சொன்னா இவ நம்ப மாட்டா. உங்க வாயாலேயே சொல்லுங்க" என்றார் கணவர், காரின் பானெட்டைத் திறந்துகொண்டிருந்த மெக்கானிக்கிடம். "எதையாவது எரிய விட்டுட்டு இறங்கிடுறது. அப்புறம் பேட்டரி போச்சு, வண்டி நின்னுபோச்சுன்னு எனக்குப் போன் பண்றது."

மனைவி ஒர்க்‌ஷாப் வாசலில் கிடந்த பழைய கார் சீட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுத்துப் பார்த்த காலமெல்லாம் போய்விட்டது.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய், பயிற்சி கொடுத்து எழுந்து நடக்க வைப்பது அவள் வேலை. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் காரில்தான் போக வேண்டும். போன வருஷம் முழுக்க அந்தக் கார் அவளை நடுத்தெருவில் நிறுத்தி வேடிக்கை பார்த்தது.

கடைசியாக நின்றது மேம்பாலத்தின் உச்சியில். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த அடியில் ஸ்டீயரிங்கிலேயே தலையைச் சாய்த்து அழுதாள். அதோடு வேலையை விட்டாள். அப்போதுதான் ஒரு டிராயிங் மாஸ்டர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தார். அவர் நடந்ததை அவள் பார்க்கவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கணவர் ஓட்டினால் மட்டும் வண்டி நிற்கவே நிற்காது. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறிப் பையோடு ஜம்மென்று திரும்பி வருவார். "பார்த்தியா?" என்பார். இதைவிட வேறு சாட்சி எதற்கு? சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் இந்தக் கதைதான். அவள் சமையலறை விளக்கை அணைத்தால்கூட, "அடடே, அண்ணிக்கு விளக்கை அணைக்கவும் தெரியுமா?" என்று கொழுந்தன் கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும்தான்.

இப்போது அவள் வேலை பார்த்த கிளினிக்கிலிருந்து மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். முதலில் வண்டியைக் காட்டுவோம், உன்னால் ஓட்ட முடியுமா முடியாதா என்று மெக்கானிக்கே சொல்லட்டும் என்று கணவர் கூட்டி வந்திருந்தார்.

மெக்கானிக் மீட்டரின் முனைகளைப் பேட்டரியில் வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிடச் சொன்னார். எண் ஏறவில்லை. ஹெட்லைட்டைப் போட்டதும் இறங்க ஆரம்பித்தது.

"மேடம் எதையும் எரிய விடல சார். வண்டி ஓடும்போதே பேட்டரி காலியாகுது. சார்ஜ் ஏத்த வேண்டிய டைனமோ ஏத்தல. இருக்கிற சார்ஜை வெச்சுக் கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் படுத்துடும்."

"நான் ஓட்டினா நல்லாத்தானே ஓடுது?"

"நீங்க எவ்வளவு தூரம் போவீங்க சார்?"

மார்க்கெட் தெருமுனையில் இருந்தது.

மெக்கானிக் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் திருப்பினார். ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருந்த பலகையில் ஆயில் விளக்கு எரிந்தது, ஹேண்ட் பிரேக் விளக்கு எரிந்தது. பேட்டரி படம் போட்ட இடம் மட்டும் இருட்டாகவே இருந்தது. பலகையைக் கழற்றிப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சரியாப் போச்சு. இங்க பல்பே இல்ல. பழைய மாடல் சார் இது. இந்தப் பல்பு வழியாத்தான் டைனமோவுக்கு முதல் கரண்ட் போகும். இது இல்லேன்னா டைனமோ சும்மா சுத்தும், அவ்வளவுதான். தானா விழாது, யாரோ கழட்டியிருக்காங்க. யாரு அது?"

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நான்தான்" என்றாள் மனைவி.

எழுந்து வந்தாள். கைப்பைக்குள் இருந்த சில்லறைப் பர்சைத் துழாவி, பட்டாணி அளவு பல்பு ஒன்றை எடுத்து நீட்டினாள். "ஓட்டும்போது லேசா சிவப்பா எரிஞ்சுக்கிட்டே இருந்தது. தொந்தரவா இருக்குன்னு கழட்டிட்டேன்."

மெக்கானிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அழுற குழந்தை வாயில துணியை அடைச்ச மாதிரி பண்ணிட்டீங்களே மேடம். டைனமோவைச் சுத்துற பெல்ட் தொய்ஞ்சிருக்குன்னு அது சொல்லியிருக்கு. அப்பவே வந்திருந்தா ஒரு டீ குடிக்கிற நேரத்துல இறுக்கிக் கொடுத்திருப்பேன். பாவம், சார் என்ன பாடுபட்டாரோ."

பாவப்பட்ட சார் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

பல்பைப் போட்டு, பெல்ட்டை இறுக்கியதும் மீட்டரில் எண் சரசரவென்று ஏறியது. அவ்வளவுதான் வேலை.

வெளியே வந்ததும் கணவர் சாவியை அவளிடம் நீட்டினார். "நீயே ஓட்டு. கிளினிக்குக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொல்லிடு."

"காலையில கிளம்பும்போதே முடியாதுன்னு சொல்லிட்டேங்க. உடனே வேற ஆளைப் போட்டுட்டாங்க."

சுற்றிக்கொண்டு போய் இடதுபக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவரே ஓட்டினார். மேம்பாலம் ஏறி இறங்கியதும் கேட்டார்.

"அந்தப் பல்பு உன்கிட்ட எப்படி வந்தது?"

"உங்க சட்டைப் பையில கிடந்தது. துவைக்கும்போது எடுத்து வெச்சேன். எதோட பல்புன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. சிவப்பு விளக்கு எரியுது, வண்டியைக் காட்டுங்கன்னு நான் நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன்ல? ஒரு நாள், சரி பண்ணிட்டேன், இனிமே எரியாதுன்னு சொன்னீங்க. எரியல."

"அப்புறம் ஏன் நீ கழட்டினேன்னு சொன்னே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேலி கேட்டு எனக்குப் பழகிடுச்சுங்க. நீங்க தாங்க மாட்டீங்க."