நாற்காலி வேண்டாம்

"பின்னால இருந்து இடிக்காதீங்க! சாமிக்குக் கை ஒடிஞ்சா நான் பொறுப்பில்ல!" என்று ஒதிலியா கத்தினாள்.

பிப்ரவரி இரண்டு. கிறிஸ்துமஸிலிருந்து குடிலில் கிடந்த குழந்தை இயேசு பொம்மைக்குப் புதுத்துணி உடுத்தி, குட்டி நாற்காலியில் உட்காரவைத்துக் கோயிலுக்குத் தூக்கிப்போகும் நாள். மெக்சிகோ நகரத்தின் அந்தத் தெருவில் ஆளுக்கொரு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். சாமிக்குத் துணி உடுத்திக்கொடுக்கும் ஒதிலியாவுக்கு இருபத்திரண்டு வருடமாக இதே கடை, இதே கூச்சல்.

நீலச் சால்வையில் சுற்றிய மூட்டையோடு சின்னப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"வெள்ளை அங்கி, ஒரு கிரீடம். மத்தியானத்துக்குள்ள வேணும்க்கா."

"எல்லாருக்கும்தான் மத்தியானத்துக்குள்ள வேணும்."

வெள்ளையில் ஒன்றே ஒன்று தொங்கியது. பெண்ணின் கண் அதைவிட்டு நகரவில்லை.

"இந்தக் காலத்துல யாரும்மா வெள்ளை போடுறா?" என்றார் பின்னால் நின்ற ரொட்டிக்கடை ருதெசிந்தோ. "என் சாமியைப் பாரு, கோல்கீப்பர் சட்டை! இந்த வருஷமாவது ஒரு கோப்பை வரட்டும்."

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"நாற்காலி எந்த அளவு?" என்றாள் ஒதிலியா.

"நாற்காலி வேண்டாம்க்கா. படுத்தேதான் இருப்பான்."

"இன்னிக்கு எந்தச் சாமியும் படுக்கக் கூடாது தங்கச்சி. எந்த ஊரு நீ?"

"மலைப்பக்கம்."

"அதான் பார்த்தேன். சரி, அங்கியை எடுத்துட்டுப் போய் நீயே உடுத்திக்க. எனக்கு நேரமில்ல."

"போட்டுப் பார்த்தேன்க்கா, வீட்டுல இருந்த துணிய. என்னால முடியல."

"நகருங்கம்மா, பூசை முடிஞ்சுடும்!" என்றார் ருதெசிந்தோ.

ஒதிலியா பொறுமையிழந்து மூட்டையை வெடுக்கென்று வாங்கிப் பலகையில் கிடத்தினாள். சால்வைக்குள் கைவிட்டு அளவு பார்த்தாள். சில்லென்று இருந்தது. சுண்ணாம்புப் பொம்மையும் சில்லென்றுதான் இருக்கும்.

ஆனால் கட்டைவிரல் பட்ட இடத்தில் தொடை அமுங்கியது.

ஒதிலியா கையை எடுக்கவில்லை. எடுக்க வரவில்லை.

"என்னக்கா, சாமிக்குக் கால் ஒடிஞ்சுபோச்சா?" என்று ருதெசிந்தோ எட்டிப் பார்த்தார்.

அந்தப் பெண் பலகைமேல் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"நேத்து வரைக்கும் பால் குடிச்சான்க்கா."