கட்டிலின் வலது பக்கம்

கால்கள் தாமாகவே கட்டிலின் இடது பக்கம் போய் நின்றுவிட்டன.

அவள் கவனிக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் எடுத்துவிட்டாள். கட்டிலில் படுத்திருந்த நிறைமாதப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தும்விட்டாள். எல்லாம் வார்டில் செய்வதுபோலத்தான்.

தேர்வு நடத்தும் பேராசிரியர் கால்மாட்டில் நின்றிருந்தார். பெரிய டாக்டரம்மா. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“யாருக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க, சிஸ்டர்?”

அப்போதுதான் எதிர்ப்பக்கம் காலியாகக் கிடப்பதைக் கண்டாள்.

வலது பக்கம் டாக்டருடையது. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், இன்னதென்று சொல்வதும் அங்கிருந்துதான். நர்ஸ் இடது பக்கம் நிற்பாள். இப்படி எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. ஆனால் பிரசவ வார்டில் பதினாறு வருடம் இந்தப் பக்கமே நின்ற கால்களுக்கு யார் போய்ப் புத்தி சொல்வது?

முகம் சூடாகிவிட்டது.

இந்தத் தேர்வே அந்தப் பக்கம் போவதற்குத்தான். தேறினால் ஒன்றரை வருடப் பயிற்சி. படித்து முடித்து வந்தால், சிக்கலில்லாத பிரசவங்களில் அவளே முடிவெடுக்கலாம். சம்பளத்தோடு அனுப்புகிறார்கள். மாவட்டத்துக்கு ஒரே ஓர் இடம். அந்த ஓர் இடத்துக்காக வெளியே வராந்தா நாற்காலிகளில் இன்னும் ஏழெட்டுப் பேர் நகம் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தனியார் கல்லூரியிலும் படிக்கலாம்தான். கைக்காசு போட்டு, சம்பளமில்லாத விடுப்பில். அதைப் பற்றி அவளும் கணவனும் ஒரு மாதம் பேசிப் பார்த்தார்கள். பிறகு இருவரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அடுத்த முறை வரலாம் என்றால் வயது வரம்பு விடாது. இன்று விட்டால் விட்டதுதான்.

முதல் அடியிலேயே சறுக்கியாயிற்று.

பட்டையை வைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றி நடந்தாள். நாலு எட்டு. அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்குள் கேட்காமல் நுழைவதுபோல இருந்தது.

கைகள் ஜில்லிட்டிருந்தன. நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றில் வைத்தாள். தொட்டதும் கைகளுக்குப் பயம் போய்விட்டது. வாய்க்குத்தான் போகவில்லை.

“தலை கீழ இருக்கிற மாதிரி இருக்கு, மேடம்.”

“மாதிரியா?”

எத்தனையோ டாக்டர்களிடம் எத்தனையோ முறை அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். தெரிந்ததைத் தெரிந்ததாகச் சொன்னால் அங்கே மரியாதைக் குறைவு.

“தலை கீழ இருக்கு, மேடம். முதுகு வலது பக்கம்.”

பேராசிரியர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

குழந்தையின் துடிப்பைக் கேட்கும் அலுமினியக் குழலை வயிற்றில் ஊன்றி, காதைப் பொருத்தினாள். துடிப்பு உடனே கிடைத்தது. அப்பாடா என்றிருந்தது.

பிறகு அதன் வேகம் மெல்ல மெல்லக் குறைந்தது.

தன் படபடப்பில் தவறாகக் கேட்கிறதோ என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். இல்லை.

நிமிர்ந்தாள். அந்தப் பெண்ணின் மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. முன்னால் தேர்வுக்கு வந்த இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் இவ்வளவு நேரமாக மல்லாந்தே கிடக்கிறாள்.

“கண்ண இருட்டிட்டு வருதுக்கா.”

நிறைமாத வயிறு மல்லாந்து கிடந்தால் முதுகோரம் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வார்டில் தினமும் செய்வதுதான்.

ஆனால் திருப்பிவிட்டால் தேர்வு அதோடு நின்றது. செய்து காட்ட வேண்டியது பாதி பாக்கி. அதுவும் டாக்டர் பக்கத்தில் நிற்கும்போது, கேட்காமல் அவள் எதையும் செய்ததில்லை.

திருப்பட்டுமா மேடம்?

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டால், பதில் வரும்வரை நிற்க வேண்டும்.

“இடது பக்கமா ஒருக்களிச்சுப் படும்மா. மெதுவா.”

தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்துத் திருப்பினாள். அந்தப் பெண்ணின் முதுகு இப்போது அவள் பக்கம் இருந்தது. முகம் காலியான இடது பக்கத்தைப் பார்த்திருந்தது. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று ஒரு கை அங்கே துழாவியது.

அவள் கட்டிலைச் சுற்றி ஓடினாள்.

அதே பழைய இடம். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று இப்போது அவளுக்கு நினைவே இல்லை.

துழாவிய கையைப் பற்றிக்கொண்டு குனிந்தாள். குழலை வயிற்றில் வைத்துக் காதால் அழுத்திக்கொண்டாள்.

நேரம் முடிந்த மணி அடித்தது. வராந்தாவில் யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

பேராசிரியர் கால்மாட்டிலிருந்து வலது பக்கத்துக்கு வந்தார். ஒரு தலையணையை எடுத்து அந்தப் பெண்ணின் முதுகுக்கு அண்டைகொடுத்தார்.

“எப்படி இருக்கு? சொல்லுங்க.”

காதை எடுக்காமல், பொறுங்கள் என்பதுபோல அவள் ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள்.

பேராசிரியர் காத்திருந்தார்.