ஏழாம் நம்பர் கேட்

“கம்பியெல்லாம் தொப்பை போட்டுக்கினு கீது. இதுக்கா இந்த வெல?” என்றார் துளசிராமன்.

ஊத்துக்கோட்டையில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். மண்டபத்து வாசலுக்கு கேட் தேடி, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் பழைய இரும்புக் கிடங்குக்கு வந்திருந்தார்.

எடைக்குப் போட்டால் உருக்காலைக்காரன் கொடுப்பது டீச்செலவுக்குக் காணாது. கதையோடு விற்றால் வேறு விலை. எடுத்துவிட்டேன் கதையை.

“நைனா, இது லோக்கல் சரக்கு இல்ல. ஃபாரின் ஃபுட்பால் ஸ்டேடியத்து கேட்டு. தொண்ணூறு வருசத்து இரும்பு. போன வருசம்தான் இடிச்சானுங்க.”

தரையைத் தோண்டிக் கிண்ணம்போல் இறக்கிய மைதானம். ஒரு தூண்கூட இல்லாமல் இரும்பு வடங்களில் தொங்கிய கூரை. ஆட்டம் முடிந்தால் சனம் படியேறி இந்த கேட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். கண்டெய்னர் வந்த அன்றே நெட்டில் படித்தேன். விற்பதற்குத் தேவையான அளவு.

“ஸ்டேடியம் பெருசுதான். கம்பி கோணல்தானே?”

நியாயம். நெஞ்சு உயரத்தில் கம்பிகள் எல்லாம் ஒரே சீராகப் பிதுங்கியிருந்தன. நம்பர் பலகை இருக்கும் வெளிப்பக்கமாக.

“லாரி இடிச்சிருக்கும்” என்றேன்.

அவர் மசியவில்லை. ஸ்டேடியத்தின் பெருமையைக் காட்டப் போனில் பழைய படம் தேடினேன். இதே கேட். அதே ஏழு. கம்பியே தெரியாமல் பூ.

“அட, அங்கியும் கல்யாணத்துக்கு வுட்டாங்களா!” குஷியாகிவிட்டார். “சரி, நீ சொன்ன வெலையே இருக்கட்டும்.”

கை நீட்டினார். நானும் நீட்டினேன். விரல் பட்டுப் படம் மேலே நகர்ந்தது.

பூவுக்குக் கீழே முகங்கள். வரிசை வரிசையாக. பால்பல் விழாத பிள்ளைகள்கூட.

அதற்கும் கீழே இங்கிலீஷில் ரெண்டு வரி. எனக்கே புரிகிற இங்கிலீஷ். டிக்கெட் இல்லாதவன் நுழையக்கூடாதென்று கேட்டைப் பூட்டியிருக்கிறார்கள். உள்ளே யாரோ ‘தீ’ என்று கத்தியிருக்கிறார்கள்.

இருவரும் கேட்டைப் பார்த்தோம்.

வெளியிலிருந்து லாரி இடித்தால் கம்பி உள்பக்கம்தான் வளையும்.

ஜென்மத்தில் முதல் தடவையாக, படிந்த விலையிலிருந்து நானே கையை இழுத்துக்கொண்டேன்.

துளசிராமனும் நீட்டிய கையை இழுத்து, தன் போனை எடுத்தார். மண்டபத்து ஆளைக் கூப்பிட்டார். இன்று முகூர்த்த நாள்.

“குப்புராஜு, மண்டபத்துல எத்தினி பேரு கீறாங்க?... பந்தில கண்டவனும் குந்திடறான்னு சைடு கதவுங்கள பூட்டிக்கினு வந்தேன்ல? ஒடைடா. இப்பவே ஒடை. சாவி என் பாக்கெட்ல கீது.”