வேண்டாம், முடியாது, இப்ப இல்ல

"வணக்கம், நன்றி எல்லாம் எனக்கு எதுக்கு சார்? வேண்டாம், முடியாது, இப்ப இல்ல... இதையெல்லாம் போர்ச்சுகீஸ்ல எப்படிச் சொல்வாங்கன்னு மட்டும் கத்துக்குடுங்க."

மொழிப் பள்ளி வாத்தியாருக்குச் சுருக்கென்றது. எடுத்த எடுப்பிலேயே மறுப்பதற்குப் பாடம் கேட்டு வந்த முதல் ஆள் இந்தப் பெண்தான்.

"எங்கேம்மா வேலை?"

"முதியோர் இல்லத்துல ஆயா சார். புதுசா ஒரு பெரியம்மா வந்திருக்காங்க. போர்ச்சுகீஸ் தவிர ஒரு வார்த்தை தெரியாது."

சரிதான், என்று நினைத்துக்கொண்டார். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவள் ஏதாவது கேட்டால் பட்டென்று வெட்டிவிட வேண்டும். அதற்குத்தான் இந்த அவசரம்.

"அவங்க தண்ணி கேட்டா? 'இதோ தர்றேன்'னு சொல்லக் கத்துக்கோயேன்."

"அதெல்லாம் ஜாடையிலயே நடந்துடுது சார். இதுதான் வேணும்."

கல்நெஞ்சுக்காரி! வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தார்.

"நாவ் கேரு. அப்படின்னா வேண்டாம். எங்கே, சொல்லு."

அவள் சொல்லவில்லை. மணிக்கட்டில் போட்டிருந்த கட்டைத் தடவிக்கொண்டே, "நீங்களே இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றாள்.

சொன்னார். "நாவ் பொஸ்ஸு. முடியாது."

அதற்கும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாளே தவிர, உதடு அசையவில்லை.

"பேசாம உட்கார்ந்திருந்தா பாஷை எப்படிம்மா வரும்? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"கோவிச்சுக்காதீங்க சார். அந்த 'வேண்டாம்'... அதைப் பல்லில்லாதவங்க சொன்னா எப்படி இருக்கும்? அழுதுகிட்டே சொன்னா?"

கிண்டல் வேறா? எரிச்சலோடு உதட்டை உள்ளே மடித்து, அழுகைக் குரலில் இழுத்தார்.

"நா...வ் கே...ரு..."

அவள் முகம் வெளிறிவிட்டது.

"இதேதான் சார். குளிப்பாட்டும்போதெல்லாம் இதைத்தான் சொல்வாங்க. ஜபம் பண்றாங்கன்னு நினைச்சு, நாங்க பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே தண்ணி ஊத்துவோம். நேத்து என் கையைக் கடிச்சுட்டாங்க. அப்பதான் எனக்கு உறைச்சது."

வாத்தியார் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப, நீ சொல்றதுக்காகக் கேக்கலையா?"

"நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்? அவங்க வேண்டாம்னா, நான் கையை எடுக்கணும் இல்ல?"